ஸ்பிரிங் காலும் வரப்போரமும்

மருந்தடிக்கிற ட்ரோன் கால் ஒடிந்து பட்டறைக்கு வந்தால் அங்கே சொல்லப்படும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: "ஸ்பிரிங் கால் மாட்டிடுங்கண்ணே, அப்புறம் பிரச்சினையே வராது." மன்னார்குடியில் கேட்டாலும் இதுதான், சீர்காழியில் கேட்டாலும் இதுதான். நியாயமாகத்தான் படுகிறது. மோதுவதால் உடைகிறது, மோதலை மெத்தென்று ஆக்கிவிட்டால் உடையாது. ஆனால் ஸ்பிரிங் கால் மாட்டிய ட்ரோன்கள் இறங்குவதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இந்த நியாயத்தில் ஓட்டை இருப்பது தெரியும். கால் உடைவது குறைகிறது, உண்மை. கவிழ்வது கூடுகிறது. கால் குழாய் ஒடிந்தால் அரை மணி நேர வேலை. கவிழ்ந்தால் இரண்டு மூன்று புரொபெல்லர், ஒரு மோட்டார் ஷாஃப்ட், சில சமயம் ஆர்ம் மடிகிற கீல், கூடவே அன்றைய பிழைப்பு. குறுவைப் பயிரில் இலைச்சுருட்டுப் புழு ஏறி, ஊரே ஒரே வாரத்தில் மருந்தடிக்க நிற்கும்போது இந்தக் கணக்கு சின்னக் கணக்கு இல்லை.

ஏக்கருக்குப் பத்து லிட்டர் கலவை என்று ஓட்டும்போது, 10 லிட்டர் டேங்க் கொண்ட ட்ரோன் வண்டி ஏக்கருக்கு ஒரு முறை இறங்கி ஏறியாக வேண்டும். ட்ரோன் பறப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அது இறங்குகிற எண்ணிக்கையை யாரும் நினைப்பதில்லை. கேமரா ட்ரோன் நாளுக்கு நாலைந்து முறை சிமெண்டுத் தரையில் இறங்கும். இது நாள் முழுக்க மண்ணில், தாள் கட்டையில், கோணல் மேட்டில் இறங்கிக்கொண்டே இருக்கும். காலைப் பற்றிய யோசனையை இந்த வேலையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் வேகம்

2021 ட்ரோன் விதிகளின்படி 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை 'சிறிய' வகை. 10 லிட்டர் வண்டிகள் பெரும்பாலும் அந்த 25 கிலோவை ஒட்டியே கட்டப்படுகின்றன. டேங்க் காலியானால் ஏறக்குறைய 15 கிலோ. கணக்குக்கு முழு 25 கிலோவையே எடுத்துக்கொள்வோம். காற்று ஏறினாலோ பேட்டரி எச்சரிக்கை வந்தாலோ மருந்தோடுதான் இறக்க வேண்டிவரும், கால் உடைவதும் அப்போதுதான்.

நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டால், அது ஒன்றேகால் செ.மீ. உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். ஒரு மீட்டர் வேகம் என்றால் 5 செ.மீ. இரண்டு மீட்டர் வேகம் என்றால் 20 செ.மீ. 25 கிலோவை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். வேகம் இரட்டித்தால் அடி நாலு மடங்கு என்பது இதுதான். இப்போது கால் எவ்வளவு தூரம் வளைந்து கொடுத்து நிறுத்துகிறது என்று பாருங்கள். ஒரு மீட்டர் வேகத்தில் வந்து, விறைப்பான கார்பன் கால் ஒரு செ.மீ. மட்டும் வளைந்து நிறுத்தினால், காலில் ஏறும் சராசரி விசை சுமார் 125 கிலோ எடைக்குச் சமம். அதே ஒரு செ.மீ. காலோடு அரை மீட்டர் வேகத்தில் வந்தால் 32 கிலோதான். ஆக, வேகத்தைப் பாதியாக்குவதால் வரும் லாபமும் காலின் வளைவு தூரத்தை நாலு மடங்காக்குவதால் வரும் லாபமும் ஒன்றே. முதலாவதற்குச் செலவு இல்லை. இரண்டாவதற்குக் காசு, எடை, அதோடு பின்னால் சொல்லப்போகிற தொல்லைகள்.

ட்ரோனை ஓட்டுகிற ஆர்டுபைலட் மென்பொருளில் தானாக இறங்கும்போது கடைசிக் கட்ட வேகத்தின் இயல்பு மதிப்பு நொடிக்கு 50 செ.மீ. தான். மருந்து வண்டிக்கு இதை 30 முதல் 40 வரை குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் தரைக்குப் பக்கத்தில் தத்தளிக்கிற நேரம் கூடிவிடும், அது வேறு வம்பு. பேட்டரி தீர்கிற அவசரத்தில் மேலிருந்து விறுவிறுவென்று நேர்க்கோட்டில் இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆறு 30 அங்குல புரொபெல்லர் கொண்ட 25 கிலோ வண்டி காற்றில் நிலையாக நிற்கும்போது, புரொபெல்லர் சுழன்று விரிக்கிற தட்டு வழியாகக் கீழே போகும் காற்றின் வேகம் நொடிக்கு சுமார் 6 மீட்டர். காலி டேங்கில் ஐந்துக்கும் கொஞ்சம் குறைவு. அதில் பாதி வேகத்துக்கு நெருங்கி நேராகக் கீழே இறக்கினால், தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே தான் விழும். த்ராட்டில் கூட்டினாலும் தூக்காது. அப்படி விழுகிற வண்டியை எந்தக் காலும் காப்பாற்றாது. பத்து மீட்டருக்குக் கீழே நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்ட வேண்டாம். அவசரம் என்றால் கொஞ்சம் முன்னே நகர்த்திக்கொண்டே சாய்வாக இறக்குங்கள்.

தரைக்காற்று செய்கிற வேலை

தரைக்குப் பக்கத்தில் வந்ததும் வண்டி மிதக்க ஆரம்பிக்கும். ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கீழே தள்ளிய காற்று தரையில் பட்டு விலக இடம் தேடும்போது தட்டுக்கு அடியில் அழுத்தம் கூடுகிறது, அதே த்ராட்டிலுக்குக் கூடுதல் தூக்கு கிடைக்கிறது. ஹெலிகாப்டருக்காக 1955-இல் சீஸ்மேனும் பென்னட்டும் கொடுத்த சூத்திரத்தை இன்றும் கைக்கணக்குக்குப் பயன்படுத்தலாம்: புரொபெல்லர் ஆரத்தை, தரையிலிருந்து தட்டு இருக்கும் உயரத்தின் நாலு மடங்கால் வகுத்து, அதன் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்து, அதனால் ஒன்றை வகுக்க வேண்டும். 30 அங்குல புரொபெல்லருக்கு ஆரம் 38 செ.மீ. கால் தரையைத் தொடும்போது தட்டு அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் கூடுதல் தூக்கு 4 சதவீதத்தை ஒட்டி வரும். ஒன்றரை மீட்டரில் அரை சதவீதம்கூட இல்லை. இது ஒற்றைச் சுழலிக்கான கணக்கு. ஆறு சுழலி வண்டியில் சுற்றிலும் கீழே போன காற்று நடுவில் சந்தித்து ஊற்று மாதிரி மேலே எழும்பி டேங்கின் அடிவயிற்றில் முட்டுகிறது. அதனால் உண்மையில் விளைவு இதைவிடப் பெரிது, இன்னும் உயரத்திலேயே தொடங்கியும் விடும்.

நாலு சதவீதம் என்பது 25 கிலோவில் ஒரு கிலோ. சமதரையில் இதனால் தொல்லை ஒன்றும் இல்லை. தொல்லை தரை சமமாக இல்லாதபோது. ஒரு அடி உயர வரப்பு ஓரமாக இறக்கினால் ஒரு பக்கச் சுழலிகளுக்கு வரப்பின் தலை அடியில் இருக்கிறது, மறுபக்கத்துக்கு ஓர் அடி பள்ளம். வரப்புப் பக்கம் நாலு சதவீதம், பள்ளத்துப் பக்கம் ஒன்றரை. பாதி வண்டிக்கு முந்நூறு கிராம் அளவு வித்தியாசம். வண்டியை அது கவிழ்க்காது. வண்டியைச் சமன் பிடிக்கிற கணினியான கன்ட்ரோலர் உடனே ஈடுகட்டிவிடும். ஈடுகட்டுவதுதான் பிரச்சினை. அதன் சாய்வு திருத்துகிற கணக்கான பிஐடி-யில் 'ஐ' என்ற பகுதி இந்தச் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்து, வரப்புப் பக்க மோட்டார்களைத் தாழ்த்தி மறுபக்கத்தை உயர்த்தி வைத்திருக்கிறது. கால் தரையைத் தொட்ட பிறகும் அந்தச் சேமிப்பு கையில் இருக்கிறது.

இன்னொரு பக்கம், காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்கிற பாரோமீட்டர். உயரத்தில் ஒரு மீட்டருக்கு அழுத்த வித்தியாசம் சுமார் 12 பாஸ்கல்தான். இந்த வண்டியின் தட்டுப் பரப்பில் எடை பரவுவதே 90 பாஸ்கலை ஒட்டி. அதில் ஒரு சிறு பங்கு பாரோமீட்டரை எட்டினாலே ஒன்றிரண்டு மீட்டர் கீழே போய்விட்டதாக அது நினைத்துக்கொண்டு த்ராட்டிலைக் கூட்டும். இறக்க இறக்க வண்டி இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பதில் பாதி இதனால்தான். பாரோமீட்டர் மேல் மூடுகிற சிறு ஸ்பாஞ்சுத் துண்டு விழுந்துபோயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரைக்காற்றை ஈடுகட்டுகிற அமைப்பு மென்பொருளில் இருந்தால் அது இயக்கத்தில் இருக்க வேண்டும். கீழே பார்க்கிற ரேடார் இருந்தால் நல்லது. லேசர் வகை தேங்கிய நீரின் மேல் பொய் சொல்லும், சம்பா வயலில் அதை நம்பி இறக்காதீர்கள்.

தொட்டதற்கும் நிற்பதற்கும் நடுவில்

ஸ்பிரிங் காலின் குணம் வெளிப்படுவது இங்கேதான்: முதல் கால் தரையைத் தொட்ட நொடிக்கும் மோட்டார் நிற்கிற நொடிக்கும் நடுவில். இந்த இடைவெளியில் வண்டி பறக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. கன்ட்ரோலர் மட்டும் தான் பறந்துகொண்டிருப்பதாகவே நினைக்கிறது.

இடது கால் முதலில் படுகிறது. ஸ்பிரிங் 3 செ.மீ. அமுங்குகிறது. தரையில் படிகிற இரண்டு படுக்கைக் குழாய்களுக்கு, அதாவது சறுக்குக் குழாய்களுக்கு, இடையே 55 செ.மீ. என்றால் வண்டி 3 டிகிரி இடது பக்கம் சாய்கிறது. கன்ட்ரோலர் இதைக் காற்று தள்ளியதாக எடுத்துக்கொண்டு இடது மோட்டார்களை முடுக்குகிறது. அதே நேரம் அமுங்கிய ஸ்பிரிங்கும் விரிந்து மேலே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து தள்ள, வண்டி சமநிலையைத் தாண்டி வலது பக்கம் போகிறது, வலது ஸ்பிரிங் அமுங்குகிறது. சொந்த எடையில் 2.5 செ.மீ. அமுங்குகிற அளவு மெத்தென்ற ஸ்பிரிங்கின் இயல்பான ஆட்டம் நொடிக்கு மூன்று தடவை. பெரிய வண்டிகளின் சாய்வுக் கட்டுப்பாடு வேலை செய்கிற வேகமும் ஏறக்குறைய இதே அளவுதான். இரண்டும் தாளம் ஒத்துப்போனால் ஆட்டம் அடங்காது, வளரும். ஹெலிகாப்டர்க்காரர்கள் 'கிரவுண்ட் ரெசனன்ஸ்' என்று சொல்வது சுழலி இறக்கைகளின் பக்கவாட்டு ஆட்டத்தால் வருவது, அது வேறு. அந்தப் பெயரை இதற்கு வைத்துப் பேசுவதால் வைத்தியமும் தப்பாகிறது. இது காலும் கன்ட்ரோலரும் சேர்ந்து போடுகிற ஆட்டம்.

ஆட்டம் நீடித்தால் இன்னொன்றும் நடக்கும். ஆர்டுபைலட் 'இறங்கிவிட்டோம்' என்று முடிவு செய்ய, த்ராட்டில் அடிமட்டத்தில் இருக்க வேண்டும், முடுக்கம் நொடிக்கு நொடி ஒரு மீட்டருக்குள் அடங்கியிருக்க வேண்டும், இந்த நிலை ஒரு முழு நொடி நீடிக்க வேண்டும். குதித்துக்கொண்டிருக்கிற வண்டியில் அந்த ஒரு நொடி அமைதி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும், மோட்டார் நிற்காது. ஜிபிஎஸ் அரை அடி நகர்ந்து காட்டினால், அந்த இடத்துக்குத் திரும்ப வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். சறுக்குக் குழாய் அருகம்புல்லில் மாட்டியிருந்தால் அதையே அச்சாகக் கொண்டு கவிழும். சின்ன 5 அங்குல ட்ரோனில் பீட்டாஃபிளைட் மென்பொருளின் 'ஏர்மோட்' (த்ராட்டில் அடிமட்டத்திலும் சாய்வைத் திருத்திக்கொண்டே இருக்கும் முறை) போட்டு இறக்குகிறவர்கள் இந்தக் குதிப்பை நன்றாக அறிவார்கள். அவர்கள் கற்ற பாடம் தொட்டவுடன் டிஸ்ஆர்ம் செய்வது, அதாவது மோட்டாரை அணைத்துவிடுவது. அதுவோ கால் இல்லாத, பேட்டரி மேலேயே இறங்குகிற வண்டி.

எஃகுச் சுருள் வாங்கிய ஆற்றலை ஏறக்குறைய அப்படியே திருப்பிக் கொடுக்கும். பைக்கின் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் இருப்பது வண்டியைத் தாங்க. குதிப்பை விழுங்குவது அதற்குள் இருக்கிற எண்ணெய். எண்ணெய் கசிந்த ஃபோர்க்கோடு வேகத்தடையில் ஏறிப் பார்த்தவர்களுக்கு, ட்ரோன் கால் என்று விற்கப்படும் வெறும் ஸ்பிரிங் குழாயைப் பற்றி வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. எண்ணெய் டேம்பர் உள்ள கால் என்றால் பேச்சு வேறு. ஆனால் அந்த எடைக்கு மருந்தே கொண்டுபோகலாம். தவிர, 25 கிலோவுக்கு ஏற்ற ஸ்பிரிங் 15 கிலோ காலி வண்டிக்கு விறைப்பு. 15 கிலோவுக்கு ஏற்றது முழு டேங்கில் அடிமட்டம் தட்டும். ஒரே நாளில் இரண்டு எடையிலும் இறங்குகிற வண்டிக்கு ஒற்றைச் சுருள் எப்போதும் தப்பான சுருள்தான்.

அப்படியானால் காலுக்கு என்ன செய்வது

விழுங்குகிற பொருளைப் போடுங்கள். ஏசி மெக்கானிக் செம்புக் குழாய் மேல் சுற்றுகிற கருப்பு நைட்ரைல் ரப்பர் உறை இதற்கு அருமையாகப் பொருந்தும். கால் குழாய் 22 மி.மீ. என்றால் 7/8 அங்குல உறை கச்சிதமாக ஏறும். 13 மி.மீ. தடிமன் ஓர் அடுக்கு முழு நீளத்துக்கும், சறுக்குக் குழாயின் இரு முனைகளில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டாவது அடுக்கு. காலி வண்டி முனை அடுக்கின் மேல் மெத்தென்று உட்காரும். முழு டேங்கோடு வந்தால் அது நசுங்கிய பிறகு முழு நீளமும் தாங்கும். உறையை நாலு விரற்கடைக்கு ஒரு கேபிள் டை போட்டுக் கட்டவும், முடிச்சுத் தலை மேல் பக்கம் இருக்கட்டும். சோபா ஸ்பாஞ்சு கூடவே கூடாது. அது தண்ணீரையும் மருந்தையும் குடித்துக் கனத்துப்போகும், ஒரு பக்கம் மட்டும் குடித்தால் எடைச் சமனும் போகும். செருப்பு அடி ஈவிஏ தகடும் நல்ல பொருள்தான், குழாயில் சுற்றுவதுதான் சிரமம். எதுவானாலும் வெயிலில் வெடித்துவிடும். சம்பாவுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது அகலம். முழு டேங்கில் வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருந்து, சறுக்குகளுக்கு இடையே 55 செ.மீ. இருந்தால், 34 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் தானாகவே கவிழும். இடைவெளியை 75 ஆக்கினால் அந்த எல்லை 43 டிகிரி. கால்களை வெளிப்பக்கம் கொஞ்சம் விரித்து வைப்பதே போதும். நாசில் தெளிப்பு காலில் படுகிறதா என்று மட்டும் வெறும் தண்ணீர் ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, எது முதலில் உடைய வேண்டும் என்று முடிவு செய்வது. ஏதோ ஒன்று என்றாவது உடையும். அது செங்குத்துக் குழாயையும் சறுக்கையும் சேர்க்கிற பிளாஸ்டிக் டீ ('T' வடிவ) இணைப்பாக இருக்கட்டும். அதை அலுமினியத்துக்கு மாற்றிவிட்டுப் பெருமைப்படுகிறவர்கள், அடுத்த மோதலில் டேங்குக்கு மேலே உள்ள பிரேம் தகடு பிளந்து நிற்பதைப் பார்ப்பார்கள். கார்பன் குழாய் கிளாம்புக்கு அடியில் நசுங்குவதும் வழக்கமான கோளாறு. கிளாம்பு பிடிக்கிற இடத்தில் குழாய்க்குள் இரண்டு அங்குல நீளத்துக்கு இறுக்கமான நைலான் கட்டையோ மரக்கட்டையோ எபாக்சி தடவி இறக்கினால் நசுங்காது. குழாய் நீளவாக்கில் கீறியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்றும் கீறிய இடம் மந்தமாகவும் ஒலிக்கும்.

இறங்குகிற இடம்

"ரோட்டுக்கு எதுக்கு தம்பி நடக்கணும், இந்த வரப்புலயே எறக்கிடுங்க" என்று நிலத்துக்காரர் அன்போடு சொல்வார். 55 செ.மீ. அகலக் கால் அந்த வரப்பில் நிற்காது என்பதை வாதாடிப் புரியவைப்பதைவிட, கையோடு ஒரு பலகை கொண்டுபோவது எளிது. நாலுக்கு நாலு அடி, 12 மி.மீ. பிளைவுட். நாலு மூலையிலும் ஓட்டை போட்டு முளைக்குச்சி அடித்துவிடுங்கள். வண்டி தள்ளுகிற காற்று தரையில் பட்டுப் பரவும்போது நொடிக்குப் பத்து மீட்டரைத் தாண்டும். அடிக்காத பலகையின் ஓரத்தைத் தூக்கிவிடும். தார்ப்பாய் விரிப்பது அதைவிட ஆபத்து, மூலை எழும்பிப் புரொபெல்லருக்குள் போகும். வைக்கோல் போர், சாக்கு, மருந்து டப்பா மூடி எதுவும் ஐந்தாறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது. களத்துமேடு, பம்ப்செட் பக்கத்துத் திடல், ஆற்றுக் கரைச் சாலை எல்லாம் நல்ல இடங்கள். களத்தில் பதர் கிடந்தால் கூட்டிவிட்டு வையுங்கள்.

கோடையில் உளுந்துக்கு டிஏபி கரைசல் அடிக்கிற சமயத்தில் வயல் வெடித்துக் கிடக்கும். சறுக்கு முனை வெடிப்புக்குள் மாட்டினால் ஏறும்போது கவிழும். மழை நாளில் சேறு. நனைந்த களிமண் காலைக் கவ்விக்கொள்ளும். ஒரு கால் விடுபட்டு மறுகால் மாட்டியிருக்கும்போது த்ராட்டில் ஏற ஏற, மாட்டிய காலை அச்சாக்கி வண்டி புரண்டுவிடும். இறங்கும்போது கவிழ்வதைவிட இது வேகமாக நடக்கும். முழு டேங்கும் முழு த்ராட்டிலும் இருக்கிற நேரம் அது. சேற்றில் இறங்கிவிட்டால் அங்கிருந்தே ஏற்ற வேண்டாம். மோட்டாரை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி, இரண்டு பேர் தூக்கிப் பலகைக்குக் கொண்டுவாருங்கள்.

இறக்கும் முறை சுருக்கமானது. ஒன்றரை மீட்டரில் இரண்டு மூன்று நொடி நிறுத்தி ஆட்டம் அடங்கட்டும். மூக்கு காற்றைப் பார்க்கட்டும். நாகை, வேதாரண்யம் பக்கம் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறுகிற திசையைக் கணக்கில் வையுங்கள். பிறகு நிறுத்தாமல் ஒரே சீராக இறக்க வேண்டும். அரை மீட்டருக்குக் கீழே தயங்கி நின்றால் தரைக்காற்றில் வண்டி பக்கவாட்டில் வழுக்கும், பயந்து ஸ்டிக்கைச் சட்டென்று கீழே இழுப்பீர்கள், தொம்மென்று விழும். பாதிக் கால் உடைவதற்குக் காரணம் இந்த இழுப்புதான். தொட்ட பிறகு ஸ்டிக்கை அடிமட்டத்திலேயே பிடித்து மோட்டார் நிற்கும்வரை விடாதீர்கள். தொட்டபின் கோணலாகத் தெரிந்தால் கொஞ்சமாகத் தூக்கிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். ஏற்றுவதானால் ஒரு மீட்டருக்கு மேல் முழுசாக ஏற்றி மறுபடி வாருங்கள்.

கடலோர ஊர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. கார்பன் குழாயும் அலுமினியக் கிளாம்பும் நேருக்கு நேர் தொடுகிற இடத்தில் உப்புக்காற்றும் டிஏபி கரைசலும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரித்துப்போகும். நடுவில் ஒரு சுற்று டேப் ஒட்டி இரண்டையும் பிரித்துவிடுங்கள், வேலை முடிந்ததும் காலையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வண்டியோடு போகிற பையில் டீ இணைப்பு நாலு, சறுக்குக் குழாய் ஒன்று, எம்3 திருகுகள் ஒரு கைப்பிடி, ரப்பர் உறை இரண்டு முழம், கேபிள் டை ஒரு கட்டு இருந்தால் போதும்.